பார்த்தலும் ஒரு பணியே: இந்திய இரயில்களைப் பார்த்தவர்கள் குறித்து

பயணிகள் இரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் பெரியதொரு பெருக்கல் குறி வரையப்பட்டிருக்கும். அதன் அருகே ‘எல்.வி.’ என்னும் இரண்டெழுத்துப் பலகை தொங்கும். இரவில் அங்கே ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். பெட்டிகளை எண்ணி விளையாடிய குழந்தைகள் எல்லோருக்கும் அந்தக் குறி தெரியும். எண்ணிக்கை அங்கேதான் முடியும். ஆயினும் அது குழந்தைகளுக்காக வரையப்பட்டதன்று, பயணிகளுக்காகவும் அன்று. வண்டி கடக்கும்போது நிலையத்தில் நின்று அதைப் பார்த்தே தீரவேண்டிய ஒரு பணியாளருக்காக வரையப்பட்டது.

இரயிலைப் பார்த்தல் என்றதும் கேமராவோடு மேம்பாலத்தில் காத்திருக்கும் ஆர்வலர்தாம் நினைவுக்கு வருகிறார். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி புறப்பட்டபோதும் மக்கள் திரண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் வேடிக்கை ஒருநாள் நிகழ்வு. நாள்தோறும், ஒரே இடத்தில், ஒழுங்கோடும் நோக்கத்தோடும் இரயிலைப் பார்த்தல் இந்தியாவில் ஊதியத்துக்குச் செய்யப்பட்ட பணியாகவே வேரூன்றியது. பொழுதுபோக்கு அதிலிருந்து சொற்களையும் பழக்கங்களையும் பெற்றுக் கிளைத்தது. இந்த உறவைப் பற்றியும், அந்தப் பணியைச் சட்டமும் ஆவணங்களும் எவ்வாறு மதித்தன என்பதைப் பற்றியும் சில செய்திகளை இங்கே தொகுக்கிறேன்.

முதலில் அந்தக் கடைசிப் பெட்டி. வழித்தடத்தை நிலையத்துக்கு நிலையம் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டியை அனுமதிப்பது இரயில் இயக்கத்தின் அடிப்படை விதி. முன்னே சென்ற வண்டி முழுமையாக வெளியேறிவிட்டது என்று உறுதியான பிறகே அடுத்த வண்டிக்கு ‘லைன் கிளியர்’ தரப்படும். வழியில் இணைப்பு அறுந்து, பின்பாதிப் பெட்டிகள் நடுவழியில் நின்றுபோயிருந்தால் என்ன ஆவது? இன்ஜின் வந்து சேர்ந்தது என்பது மட்டும் போதாது. வால் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். எல்.வி. பலகையைக் கண்டால்தான் நிலைய அதிகாரி அந்தத் துண்டு காலி என்று அடுத்த நிலையத்துக்கு அறிவிக்கலாம். நூற்றாண்டுக்கும் மேலாகப் பல்லாயிரம் பேரின் உயிர், ஒருவர் நின்று ஒரு பலகையைப் பார்த்ததில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது கொடி பரிமாற்றம். நில்லாமல் ஓடும் வண்டியை நிலையத்தின் ஒரு பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டரும் எதிர்ப்பக்கத்தில் பாயிண்ட்ஸ்மேனும் நின்று பார்ப்பார்கள். குறையேதும் இல்லையெனில் பகலில் பச்சைக் கொடி, இரவில் பச்சை விளக்கு. ஓட்டுநரும் கார்டும் பதிலுக்குக் காட்டுவார்கள். இதற்கு ‘ஆல்ரைட்’ என்று பெயர். 1976ஆம் ஆண்டின் பொது விதிகள் இதைக் கடமையாகவே வகுத்துள்ளன. அவர்கள் தேடுவது குறைகளை: தொங்கும் பிரேக் உறுப்பு, திறந்து கிடக்கும் சரக்குப் பெட்டிக் கதவு, சாய்ந்துபோன சுமை, சூடேறிய அச்சுப்பெட்டி. எண்ணெயில் ஊறிய பஞ்சுக்கழிவு அடைத்த பழைய அச்சுப்பெட்டிகள் சூடேறினால் புகையும். இரவில் செந்தணலாய் ஒளிரும். எரிந்த எண்ணெயின் நாற்றம் வண்டி போன பின்பும் காற்றில் நிற்கும். உருளைத் தாங்கிகள் வந்தபின் அந்த நாற்றம் குறைந்தது. கீச்சென்னும் ஒலியே முதல் அறிகுறியாயிற்று. ஆகவே பார்த்தல் என்று இங்கே சொல்வதில் மோத்தலும் கேட்டலும் அடங்கும்.

நிலையங்களுக்கு இடைப்பட்ட தடத்தைப் பார்ப்பவர் கீமேன். தமக்குரிய சில கிலோமீட்டர்த் தடத்தைச் சுத்தியலோடு நாள்தோறும் நடந்து பார்ப்பது அவர் பணி. இப்பெயரில் மொழியியல் நோக்கில் சுவையான செய்தி ஒன்று உண்டு. இங்கே ‘கீ’ என்பது பூட்டின் சாவி அன்று. தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு. நெகிழ்ந்த ஆப்பைச் சுத்தியலால் அடித்து இறுக்குபவர் என்பதால் அவர் கீமேன். இந்தி வழக்கு அதைச் ‘சாபி’ என்று, அதாவது சாவி என்றே பெயர்த்துக்கொண்டது. இன்று பெரும்பாலான தடங்களில் ஆப்பின் இடத்தை மீள்விசைக் கவ்விகள் பிடித்துவிட்டன. பொருள் போயிற்று, பெயர் நிற்கிறது. ‘கலாசி’ என்னும் சொல்லும் இப்படிப்பட்டதே. கப்பல் தொழிலாளியைக் குறித்த சொல், கடலை விட்டு ஏறி இரயில் பணிமனைக்குள் வந்து சேர்ந்தது.

மழைக்காலத்தில் இந்த நடை இரவுக்கும் நீளும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததில் 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அரசியல் வரலாறு அந்த விலகலை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கை விளக்கோடும், வண்டியை எச்சரித்து நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகளோடும் நடந்து, அத்தகைய விபத்துகள் நிகழாமல் காத்த காவல் நடைக்காரர்கள் யாருடைய வரலாற்றிலும் இல்லை. நிகழாத விபத்துக்கு ஆவணம் கிடையாது.

இங்கேதான் சட்டத்தின் கேள்வி எழுகிறது: பார்த்துக்கொண்டிருத்தல் வேலையா? 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் பணியாளர்களின் வேலையைப் பணிச்சுமைக்கேற்ப வகைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று ‘இடைவிட்ட தன்மையுடைய’ வேலை. பணிநேரத்தில் பாதியோ அதற்கு மேலோ செயலின்றிக் கழிந்து, அந்நேரத்தில் உடல் உழைப்போ நீடித்த கவனமோ தேவைப்படாதெனில் அந்த வேலை இவ்வகையைச் சேரும். தொடர் வேலைக்கு வாரத்துக்கு 54 மணி நேரம் வரம்பு என்றால், இதற்கு 75 மணி நேரம். போக்குவரத்து குறைந்த பல லெவல் கிராசிங்குகளின் கேட் கீப்பர்கள் இந்த வகையில் வைக்கப்பட்டனர்; பன்னிரண்டு மணி நேரப் பணி அவர்களுக்கு வழக்கமாயிற்று. இரண்டு வண்டிகளுக்கு இடையே அவர் ‘சும்மா’ இருக்கிறார் என்பது சட்டத்தின் பார்வை. எந்நேரமும் மணி ஒலிக்கலாம் என்று காத்திருப்பவர் சும்மா இருப்பவரா என்பதே தொழிலாளர் தரப்பின் கேள்வி.

பணிநேரம் வெறும் ஊதியச் சிக்கலாக இருந்ததில்லை. 1973 ஆகஸ்டில் இன்ஜின் ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் மையத்தில் நின்றது பத்து மணி நேர வரம்பு. 1974 மே 8 முதல் 27 வரை நீடித்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளிலும் எட்டு மணி நேர வேலை இடம்பெற்றது. கண் விழித்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்தப் போராட்டங்கள் பொதுவெளியில் வைத்தன.

அந்தக் கண் தவறினால் என்ன நிகழும் என்பதற்குக் கைசல் ஒரு கொடிய சான்று. 1999 ஆகஸ்ட் 2ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கிஷன்கஞ்சில் தவறான தடத்துக்குள் நுழைந்த அவத் அஸ்ஸாம் எக்ஸ்பிரஸ், மேற்கு வங்கத்தின் கைசல் நிலையத்தில் எதிரே வந்த பிரம்மபுத்திரா மெயிலோடு மோதியது. 280க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் தொலைவு முழுவதும் வண்டி ஓடவேண்டிய தடத்தில் ஓடவில்லை. அதை எவரும் நிறுத்தவுமில்லை. எந்தத் தனியாள் தவறினார் என்பதைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று இதில் உண்டு. ‘நீடித்த கவனம் தேவைப்படாத வேலை’ என்று தாளில் எழுதிவைத்த ஓர் அமைப்பு, நள்ளிரவுகளில் அந்த நீடித்த கவனத்தையே நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கவனம் பணியாளரோடு நிற்கவில்லை, குடும்பத்துக்குள்ளும் பரவியது. ஜமால்பூர், கரக்பூர், பெரம்பூர், பொன்மலை போன்ற இரயில்வே குடியிருப்புகளில் வீட்டு நேரத்தை வண்டிகளே வகுத்தன. ஓட்டுநரை எழுப்பக் ‘கால் பாய்’ வருவார். பணிக்கு அழைத்ததற்குச் சான்றாகக் கையேட்டில் கையெழுத்து வாங்கிச் செல்வார். பயணத்துக்கு வேண்டியவை அடங்கிய இரும்புப் பெட்டி இன்ஜினுக்குப் போகும். திரும்பும் நாள் உறுதியில்லை. அயலூர் ரன்னிங் ரூமில் ஒரு கட்டிலும் ஒருவேளைச் சோறும். குடியிருப்புக்கு வெளியே வாழ்ந்த மக்களும் இரயிலைப் படிக்கக் கற்றிருந்தார்கள். ‘கைகாட்டி இறங்கிவிட்டது’ என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சொன்னால் வண்டி வருகிறது என்று பொருள். கிடையாக நின்ற கை கீழே சாய்ந்தால் வழி திறந்தது என்பதே அச்சைகையின் இலக்கணம். கலைச்சொல் அகராதி எதையும் எதிர்பாராமல் மக்கள் படைத்த சொல் அது. வண்ண விளக்குகள் வந்த பின் கை மறைந்தது. சொல்லும் மெல்ல மறைகிறது.

இனி ஆர்வலர்கள். பிரிட்டனில் இரயில் பார்த்தலை வெகுமக்கள் பொழுதுபோக்காக்கிய கையேடு 1942இல் வெளிவந்தது. இன்ஜின்களின் எண் பட்டியலாகிய அதைத் தொகுத்த இயன் ஆலன், சதர்ன் இரயில்வேயின் வாட்டர்லூ அலுவலக எழுத்தர். இன்ஜின்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதிலெழுதி அலுத்தவர், தகவல்களை ஒரே நூலாக்கினார். பொழுதுபோக்கின் முதல் நூலே ஒரு பணியாளரின் மேசையில் பிறந்தது என்பது கவனத்துக்குரியது.

இந்தியாவில் பாதை வேறு. இங்கே இன்ஜின் எண்கள் லோகோ ஷெட்டுகளின் பதிவேடுகளில் இருந்தன, கடைகளில் விற்கவில்லை. நிலையங்களில் புகைப்படம் எடுக்க நெடுங்காலம் முன் அனுமதி வேண்டியிருந்தது. எனவே ஆர்வலர் பலர் கால அட்டவணையையும் குறிப்பேட்டையும் நம்பினர். நீராவி இன்ஜின்கள் மேலைநாடுகளில் மறைந்த பின்னும் இங்கே ஓடியதால் வெளிநாட்டு ஆர்வலர்கள் அவற்றைத் தேடி வந்தனர். ஹியூ ஹியூஸ் தொகுத்த இந்திய இன்ஜின்கள் குறித்த தொகுதிகள் 1990 முதல் வெளிவந்து, இன்றும் ஆய்வாளர்களுக்கு முதற்கருவியாக உள்ளன. தில்லியில் 1977 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகத்தின் உருவாக்கத்தில், மைக்கேல் சாட்டோ என்னும் ஆர்வலரின் பங்கு பெரிது. அவர் இரயில்வே அதிகாரி அல்லர், தனியார் நிறுவன நிர்வாகி. அதிகாரபூர்வ நினைவகத்தைக் கட்டியதிலேயே பொழுதுபோக்காளரின் கை இருக்கிறது.

ஆர்வலர் மொழிக்கு வருவோம். அவர்கள் முதலில் கற்கும் இலக்கணம் இன்ஜின் வகைப்பெயர்கள். ‘டபிள்யூ’ என்றால் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ‘ஒய்’ மீட்டர் பாதை. ‘இசட்’ 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. அடுத்த எழுத்து ஆற்றலைச் சுட்டும்: ‘டி’ டீசல், ‘ஏ’ மாறுமின்னோட்டம், ‘சி’ நேர்மின்னோட்டம். மூன்றாவது எழுத்து பணியைச் சுட்டும்: ‘பி’ பயணிகள், ‘ஜி’ சரக்கு, ‘எம்’ இரண்டும். ஆக டபிள்யூ.டி.எம்.-2 என்பது அகலப்பாதையில் இருவகைப் பணிக்கும் உரிய டீசல் இன்ஜின். ஆனால் நீராவி இன்ஜின்களின் பெயர்கள் டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி., ஒய்.பி. என்று இரண்டெழுத்தோடு நின்றன. ஆற்றலைச் சுட்டும் எழுத்து அவற்றில் இல்லை. பெயரிட்ட காலத்தில் இன்ஜின் என்றாலே நீராவிதான். தனியே சுட்டத் தேவையில்லை. மொழியியலில் இதைக் குறியுறா வடிவம் என்போம். புதிதாக வந்த டீசலும் மின்சாரமுமே குறி பெற்றன. அகலப்பாதையில் நீராவியின் அன்றாட ஓட்டம் 1995இல் முடிந்தது; இல்லாமற்போன ஒன்று எழுத்தின்மையாக அந்த முறைக்குள் இன்னும் இருக்கிறது. இதைப் போன்றதே ‘ஆல்கோ’. அமெரிக்காவின் அந்த நிறுவனம் 1969இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் வடிவமைப்பில் 1964 முதல் வாரணாசியில் உருவான இன்ஜின்களுக்கு இந்தியப் பணியாளரும் ஆர்வலரும் அப்பெயரையே வழங்கினர். பிறந்த ஊரில் ஓய்ந்த பெயர் இங்கே பொதுப்பெயராக வாழ்ந்தது.

பணியிலிருந்து பொழுதுபோக்குக்குச் சொல் கடந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘லிங்க்’. எந்த இன்ஜின் எந்த வண்டியை இழுக்கும், எந்தக் குழு எப்போது பணியேறும் என்னும் சுழற்சித் திட்டம் பணியாளர் வழக்கில் லிங்க். ஆர்வலர் அதிலிருந்து ‘ஆஃப்லிங்க்’ என்னும் சொல்லைப் பெரிதும் வழக்குக்குக் கொண்டுவந்தனர்: வழக்கமான இன்ஜினுக்குப் பதில் வேறொன்று வருதல். ஷெட்டில் இருப்பவருக்கு அது தொல்லை. ஏதோ பழுதாகியிருக்கிறது, யாரோ கூடுதல் நேரம் உழைக்கிறார். மேம்பாலத்தில் நிற்பவருக்கோ அது அன்றைய பேறு. ஒரே நிகழ்வு, இரு மதிப்பீடுகள். பணியாளர் வண்டியின் அடியையும் வாலையும் பார்க்கிறார். ஆர்வலர் அதன் முகத்தையும் எண்ணையும் பார்க்கிறார். ஒன்றும் புதிதாக நிகழவில்லை என்றால் முதலாமவருக்கு நிம்மதி, இரண்டாமவருக்கு ஏமாற்றம்.

இவ்வேறுபாடு ஆவணத்திலும் பதிந்திருக்கிறது. ஒற்றைத் தடத்தில் ஓடும் வண்டிக்கு வளையத்தில் கோத்த டோக்கனைப் பணியாளர் நீட்டுவதும், இன்ஜினிலிருந்து ஒரு கை அதைப் பறிப்பதும் ஆர்வலர் விரும்பிப் படமெடுத்த காட்சி. அப்படங்களின் குறிப்புகளில் இன்ஜின் எண் இருக்கும், ஷெட்டின் பெயர் இருக்கும், வண்டி எண் இருக்கும். வளையம் நீட்டியவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. யார் இரயிலை ரசிக்க முடிந்தது, யார் அதற்கருகே உழைக்க வேண்டியிருந்தது என்னும் வர்க்க, சாதிக் கேள்வியை இந்த வெற்றிடம் தாங்கி நிற்கிறது. எனினும் அப்படங்களை ஒதுக்கிவிடக் கூடாது. சட்டகத்தின் ஓரத்தில் கொடியோடு நிற்கும் உருவம், அவர் காலணி அணிந்திருக்கிறாரா என்பது, கேட்டுக்கு அருகே நிழல் தரும் குடிசை உண்டா என்பது, எல்லாம் எடுத்தவர் எண்ணாமலே பதிந்த சான்றுகள். லாரா பேர், ரித்திகா பிரசாத் போன்றோர் இரயிலின் அன்றாட வாழ்வை எழுதிக் காட்டியுள்ளனர். அந்த வழியில், ஆர்வலரின் படங்களையும் குறிப்பேடுகளையும் உழைப்பு வரலாற்றின் மூலங்களாகப் படிக்கலாம் என்பதே என் கருத்து.

அதற்கான நேரம் குறுகிவருகிறது. கடைசிப் பெட்டியைப் பார்க்கும் வேலையைப் பல இடங்களில் அச்சு எண்ணும் கருவிகள் ஏற்றுவிட்டன. உள்ளே சென்ற அச்சுகளும் வெளியே வந்தவையும் ஒத்தால் தடம் காலி. சூடேறிய அச்சுப்பெட்டியைத் தடத்தோர உணர்கருவிகள் கண்டறிகின்றன. அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியில் முற்றிலும் நீக்கப்பட்டன. ஆளுள்ள கேட்டுகளுக்குப் பதிலாகவும் பாலங்கள் எழுகின்றன. கார்டு 2022இல் டிரெய்ன் மேனேஜர் ஆனார். கேங்மேன் அதற்கு முன்பே டிராக்மேனாகிப் பின் டிராக் மெயின்டெய்னரும் ஆகிவிட்டார். இம்மாற்றங்களைக் கண்டு ஏங்குவதற்கில்லை. கருவி உறங்காது, தடத்தில் நடப்பவர் வண்டியில் அடிபட்டு இறக்கும் கொடுமை இன்னும் தீரவில்லை. மனிதரை அந்த இடரிலிருந்து விடுவிக்கும் எந்தக் கருவியும் வரவேற்கத்தக்கதே. ஆனால் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும்போது, அது எத்தகைய திறன் என்பதை எழுதிவைக்காமல் ஒப்படைத்தால், அங்கே ஒரு திறன் இருந்ததே இல்லை என்றாகிவிடும். ‘சும்மா நின்றார்கள்’ என்னும் சட்டத்தின் பழைய தீர்ப்பே வரலாற்றின் தீர்ப்பாகவும் நிலைத்துவிடும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன், கீமேன், கேட் கீப்பர், கார்டு எவரேனும் இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். விபத்துக் கதைகளை மட்டும் கேட்காதீர்கள். வண்டி போகும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள், சூடேறிய அச்சுக்கு உங்கள் ஊரில் என்ன சொல் வழங்கியது, எந்த ஒலி கேட்டால் சிவப்புக் கொடியை எடுப்பீர்கள், இரவுப் பணியில் விழித்திருக்க என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை அவர் ஒலித்தபடியே எழுதுங்கள். எந்தக் கோட்டம், எந்த நிலையம், எந்த ஆண்டுகள் என்பதையும் சேருங்கள். அவர் இசைந்தால் பெயரையும் எழுதுங்கள்.